ஆளில்லாத கண்மாய்

ஒரு நாள் வெளியே போய் வரலாம் என்று யாராவது சொன்னால் மற்றவர்களுக்குக் குஷி பிறக்கும், எனக்கு இடுப்புவலி பிறக்கும். போகிறவர்களுக்கு அது ஒரு நாள். சோறு கட்டுகிறவளுக்கு அது ஒரு மாதம். யுத்த காலத்தில் ஒரு கண்மாயைப் பார்த்து வருவதற்கு நாங்கள் நாலு மாதம் திட்டம் போட்டோம். அதைச் சொல்ல ஆரம்பித்தால் கேட்கிறவர்களுக்கே அலுப்புத் தட்டும். தட்டட்டும். நான் பட்ட அலுப்புக்கு அது ஈடாகாது.

மதுரையில் பழைய ஊருக்குள் எங்கள் வீடு. முன்னால் கடை, பின்னால் வீடு. கடையில் பூட்டு, தாழ்ப்பாள், கீல், ஆணி விற்பார் என் வீட்டுக்காரர். கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு, அதில் ஒரு பச்சைத் திரை, அவ்வளவுதான் மறைப்பு. அடுப்படியில் கரண்டி விழுந்தால் ஆணி வாங்க வந்தவர் திரும்பிப் பார்ப்பார். வீட்டுப் பெண்கள் குரல் அன்னிய ஆண் காதில் விழக்கூடாது என்பது என் வீட்டுக்காரர் போட்ட சட்டம். தொண்டையைச் செருமிக்கொண்டு திரைக்கு அந்தப் பக்கமிருந்து, "கடையில ஆள் இருக்கு" என்பார். இந்தப் பக்கம் எல்லாம் அடங்கிவிடும். கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே எனக்கு அது பாடமாகிவிட்டது. பிள்ளைகளைக் கிசுகிசுத்தே திட்டினேன். சிரிப்பு வந்தால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். நாலு பிள்ளைகளைப் பெற்றதும் முந்தானையைக் கடித்துக்கொண்டுதான். மருத்துவச்சிக்கே பொறுக்கவில்லை. "கொஞ்சம் கத்துனாத்தான் என்னம்மா?" என்று கேட்டாள். கடையில் ஆள் இருந்ததே, எப்படிக் கத்த?

என் வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு தங்கை. நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அவள் பாவாடை கட்டிய சிறு பெண். என் பக்கத்தில்தான் படுப்பாள். பதினாறு வயதில் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். எங்களில் நிக்காவுக்கு முன்னால் பெண்ணிடம் சம்மதம் கேட்க வேண்டும். கன்னிப் பெண் பேசாமல் இருந்தாலே சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். வந்து கேட்டார்கள், இவள் தலையைக் குனிந்தாள், முடிந்தது. மாப்பிள்ளை தோல் மண்டியில் கணக்கு எழுதுகிறவர். நல்ல மனுஷன்தானா என்று ஒரு தடவை அவளைத் தனியே கேட்டேன். "கெட்டவுக இல்ல மதினி. ஆனா என்கிட்ட எதையும் கேட்டதில்ல" என்றாள்.

நாலைந்து வருஷம் வாழ்ந்திருப்பார்கள். பிள்ளை இல்லை. ஒரு கார்த்திகையில் விஷக்காய்ச்சல் வந்து அந்த மனுஷர் போய்விட்டார். இவளை வெள்ளைச் சேலையோடு எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்தோம். எங்களில் புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வெளியே போகாமல், அன்னிய ஆண் முகம் பார்க்காமல் இருக்க வேண்டும். இத்தா என்போம். முற்றத்தை ஒட்டிய சாமான் அறையை ஒழித்து அவளுக்குக் கொடுத்தேன். ஒரு சன்னல், அதற்கு வெளியே ஒரு துண்டு வானம்.

அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சோறு வைத்தால் தின்றாள், தொழுதாள், சும்மா உட்கார்ந்திருந்தாள். ஏதாவது பேசவேண்டுமே என்று, கொஞ்ச நாள் முன்னால் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த கதையை எடுத்துவிட்டேன். நாகமலை புதுக்கோட்டை தாண்டி, மலையடிவாரத்தில் வண்டி கொஞ்ச நேரம் நின்றது. அங்கே ஒரு கண்மாய். அக்கரை தெரியாத தண்ணீர், கரையோரம் மருத மரம், ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் காடு. கொக்கைத் தவிர ஓர் உயிர் இல்லை.

"அங்க ஆளே இருக்காதா மதினி?"

"ஒரு குஞ்சு குளுவான் கிடையாது. நீ பாட்டுக்கு உக்காந்திருக்கலாம்."

"நான் வெளிய வந்ததும் என்னைய அங்க கூட்டிட்டுப் போறீகளா?"

அவள் வாயிலிருந்து, எனக்கு இது வேண்டும் என்று நான் கேட்ட முதல் வார்த்தை அது. சரி என்று வாயைக் கொடுத்தேன். வாயைக் கொடுத்தேனோ இல்லையோ, மாட்டிக்கொண்டேன்.

முதல் சிக்கல் தண்ணீர். கண்மாய் என்றால் கடலா, அப்படியே கிடக்க? மழைக்கு நிரம்பும், வயலுக்குப் பாயும், வெயிலுக்கு வற்றும். இவள் வெளியே வருவதோ பங்குனியில். அதுவரை தண்ணீர் நிற்க வேண்டுமே! எங்கள் வீட்டுக்குத் தயிர் ஊற்றுகிறவள் அந்தக் கண்மாய்க்குக் கீழே உள்ள ஊர்க்காரி. அவளும் அவள் புருஷனும் வண்டியில் வைக்கோல் ஏற்றி மதுரைக்கு வருவார்கள். புருஷன் வைக்கோல் விற்பார், இவள் தயிர் விற்பாள். தினம் காலையில் அவள் உழக்கை எடுக்கு முன்னே, "எம்புட்டுக் கெடக்கு?" என்று கேட்பேன்.

"தளும்பிக்கிட்டுக் கெடக்கு தாயி" என்றாள் மார்கழியில். தையில், "மடையத் தொறந்துட்டாக" என்றாள். மாசி பிறந்ததும் கொஞ்சம் தயங்கி, "இடுப்பளவு இருக்கும்" என்றாள். சாமான் அறைச் சன்னல் ஓரம் நிழல் அசையும். அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் குறையக் குறைய, ஏதோ அவளே குடித்துத் தீர்த்துவிட்ட மாதிரி தயிர்க்காரியிடம் எரிந்து விழுவேன். அவளும் விடமாட்டாள். "நானா மோந்து குடிச்சேன்? வயலுக்குப் பாஞ்சாத்தான தாயி நீங்க சோறு திங்க முடியும்" என்பாள்.

இரண்டாவது சிக்கல் என் வீட்டுக்காரர். கண்மாய்க்குப் போய் வரலாமா என்று பயந்து பயந்து கேட்டேன். அந்த மனுஷர் உடனே சரி என்றதும் எனக்கே ஆச்சரியம். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அடுத்த நாளிலிருந்து திட்டம் வளர ஆரம்பித்தது. முதலில் ஒரு வண்டி என்றார். பிறகு அவருடைய சித்தப்பா வீட்டையும் கூப்பிடலாம் என்றார். பஸ் பேசிப் பார்த்தார். பெட்ரோல் இல்லாமல் எல்லாம் கரி பஸ்ஸாக ஓடிய காலம். மேடு ஏறாது, இறங்கித் தள்ளவேண்டும் என்றதும் விட்டுவிட்டார். மறுபடியும் வண்டி. இரண்டு கூண்டு வண்டி, திரை கட்டி. நெய்ச்சோறு, கறி, தாளிச்சா. விரிக்க ஜமுக்காளம். குடிக்க வீட்டுத் தண்ணீரே குடத்தில். அந்த ஊர் நாட்டாண்மைக்குச் சொல்லியனுப்பி, அன்றைக்கு அந்தப் பக்கம் ஆள் அண்டாமல் பார்த்துக்கொள்ள ஏற்பாடு.

"ஆளில்லாத எடத்துக்குப் போக எதுக்குங்க இம்புட்டு ஆளு?" என்றேன்.

"போறது போறோம், நாலு பேரோட போனாத்தான் என்ன?" என்றார். சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற காலம். யார் நெய் தேடுவது, யார் அரிசி புடைப்பது, யார் மசாலா இடிப்பது? நான்தான். பகல் முழுக்க உரலடி, ராத்திரி படுத்தால் கை தானாக இடித்துக்கொண்டிருக்கும். போதும் போதும் என்று ஆகிவிட்டது.

பங்குனி பிறந்து, மூன்றாவது வண்டி ஒன்றும் பேசினார். அது யாருக்கு என்று கேட்டேன், பதில் இல்லை. மறுநாள் திரைக்குப் பின்னால் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தபோது பதில் தானாக என் காதில் விழுந்தது. கடையில் அவருடைய சித்தப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார். எங்களுக்குத் திண்டுக்கல்லிலிருந்து பூட்டு அனுப்புகிறவர் ஒருவர் உண்டு. பெண்டாட்டியை இழந்தவர், மூன்று பிள்ளைகள். இரும்புச் சாமான் கிடைக்காத நாளில் அவர் தயவு இருந்தால்தான் கடை ஓடும். அந்த வீட்டுப் பெண்கள்தான் மூன்றாவது வண்டியில் வருகிறார்கள், என் நாத்தனாரைப் பார்த்துப் பேசி முடிக்க.

"தங்கச்சியக் கேட்டியா?" என்றார் சித்தப்பா. "கன்னிப் பொண்ணு இல்லப்பா இப்ப. அவ வாயத் தொறந்து சரின்னு சொல்லணும்."

"அவ என்ன வேணாம்னா சொல்லிரப் போறா?" என்று சிரித்தார் இவர். "அவளுக்குச் சத்தமே வராதே."

அரிசியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். அந்தப் பிள்ளை ஆசைப்பட்டது ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளையும் பிடுங்கிக் கொடுத்துவிட்டாரே! திரையை விலக்கிக்கொண்டு போய் நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று கால் துடித்தது. ஆனால் கடையில் ஆள் இருந்தது. நான் நேரே சாமான் அறைக்குப் போய், கேட்டதையெல்லாம் கிசுகிசுவென்று அவளிடம் கொட்டினேன். சொல்லிவிட்டு நான்தான் அழுதேன், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு.

அவள் சன்னல் பக்கம் திரும்பினாள்.

"என்னைக்குப் போறதா இருக்கு மதினி?"

"நாளன்னைக்கு. நாளையோட உன் இத்தா முடியுதுன்னு உங்க அண்ணன் காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்காக."

"அது இங்கிலீஷ் மாசக் கணக்கு" என்றாள். "அவுக மவுத்தானது பிறை கண்ட மறுநாளு. நான் இந்தச் சன்னல்ல ஒவ்வொரு மாசமும் பிறை பாத்துக்கிட்டேதான் இருந்தேன். பிறை மாசம் சின்னதுல்ல? என் இத்தா நேத்து அந்தி மஃரிபோட முடிஞ்சிருச்சு மதினி."

"அடிப்பாவி!" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, கடைப் பக்கம் தொண்டை செருமும் சத்தம் கேட்டது.

யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. இதற்குப் பிறைதான் கணக்கு என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கடையில் வாயிதாவும் சரக்கும் காலண்டரைப் பார்த்தே நடத்திப் பழகியவர், தங்கையின் இத்தாவுக்கும் அதையே பார்த்துவிட்டார். யாருக்கும் தெரியாமல் எங்களுக்கு நாள் மிச்சம் கிடைத்திருந்தது. மறுநாள் அவர் சரக்கெடுக்க ரயிலேறித் திண்டுக்கல் போகிறார், ராத்திரிதான் திரும்புவார். எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ!

காலையில் தயிர்க்காரியிடம் சொன்னேன். "வைக்கல எறக்கிட்டு வெறும் வண்டிதான் போகுது, ஏறிக்கங்க தாயி. சாயங்காலம் கோச்சடை வரைக்கும் கொண்டாந்து விடச் சொல்றேன், அங்கிருந்து குதிரவண்டி பிடிச்சுப் போயிருங்க" என்றாள். பிறகு ஒன்று சொன்னாள். "நாளைக்கு வந்துறாதீக. கண்மாய் வத்திருச்சு, மீன் பிடிக்க ஊருக்கெல்லாம் பொதுவா விடுறாக. சுத்துப்பட்டு சனமெல்லாம் கூடையத் தூக்கிட்டு வந்துரும்."

பிள்ளைகளை அடுத்த வீட்டில் விட்டேன். நாலு இடியாப்பமும் ஒரு துண்டு வெல்லமும் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டேன். நாலு மாதத் திட்டத்தில் கடைசியில் தேவைப்பட்டது அவ்வளவுதான். வெள்ளைத் துப்பட்டியால் தலையிலிருந்து கால்வரை போர்த்திக்கொண்டு, திரையில்லாத அந்த வைக்கோல் வண்டியில் இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்தோம். வழியெல்லாம் முதுகெலும்பு நொறுங்கியது. அவள் துப்பட்டி இடுக்கு வழியே ரோட்டோரப் புளியமரத்தையெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கண்மாய் நான் பார்த்த கண்மாயாக இல்லை. நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர், கலங்கலாக. சுற்றி வெடித்த சேறு. எனக்கு அழுகையே வந்தது. "இதுக்காடி இம்புட்டுப் பாடு?" என்றேன். அவள் காதில் வாங்கவில்லை. துப்பட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "ஆள் இல்லைல மதினி?" என்றாள். இல்லை. தயிர்க்காரியும் புருஷனும் ஊருக்குள் போய்விட்டார்கள். மலை, மரம், கொக்கு, நாங்கள்.

மருத மர நிழலில் நான் உட்கார்ந்தேன். செருமல் இல்லை, பிள்ளை இல்லை, அடுப்பு இல்லை. காற்று வந்து முகத்தில் படுகிறது. சும்மா கொஞ்சம் சாய்வோம் என்று சாய்ந்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அவள் என்னை உலுக்கி எழுப்பியபோது நிழல் மரத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போயிருந்தது. பாதி நாளைத் தூங்கியே தீர்த்துவிட்டேன்! அவள் கால் முழங்கால் வரை சேறு. முகம் சிவந்து, தொண்டை கட்டியிருந்தது.

"என்னடி, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"வெயிலு மதினி" என்றாள்.

ராத்திரி அவர் வந்ததும் பிள்ளைகள் போட்டுக்கொடுத்துவிட்டன. அவருக்கு வந்ததே கோபம்! இத்தாவை முறித்துவிட்டீர்களே என்று குதித்தார். பிறைக் கணக்கைச் சொன்னேன். நம்பாமல் பள்ளிவாசலுக்குப் போய் ஹஜ்ரத்தைக் கேட்டுவிட்டு வந்தார். திரும்பி வந்தவர் சோறு மட்டும் கேட்டார். நாளைக்குக் கண்மாயில் மீன் பிடிக்கிறார்களாம் என்று சோறு போட்டுக்கொண்டே சொன்னேன். "நாட்டாண்மைட்டச் சொல்லியாச்சு, எவனும் வரமாட்டான்" என்றார். அதற்கு மேல் நானும் சொல்லவில்லை.

மறுநாள் மூன்று வண்டியும் போனது. விடிவதற்கு முன்னே எழுந்து நான் ஆக்கிய நெய்ச்சோறும் போனது. கரை ஏறும்போதே தெரிந்துவிட்டது. கண்மாய் முழுக்கத் தலை. நாட்டாண்மையே கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசினார். அம்புட்டுச் சனமும் கத்திக்கொண்டு சேற்றில் இறங்கியது. கூடை, வலை, வேட்டி, கையில் கிடைத்ததெல்லாம். மீன் துள்ளினால் ஒரு கூச்சல், நழுவினால் ஒரு கூச்சல். சேற்று நாற்றம் குடலைப் பிடுங்கியது. என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. திரும்பவும் முடியாது, வந்தவர்கள் திண்டுக்கல்லிலிருந்து வந்திருக்கிறார்கள்.

பெண்கள் எல்லாரும் ஒரே கூண்டு வண்டிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு, திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்தோம். மாப்பிள்ளையின் அக்கா நல்ல மாதிரிதான். என் நாத்தனார் கையைப் பிடித்துக்கொண்டு, மூன்று பிள்ளைகளைப் பற்றியெல்லாம் சொன்னாள். பிறகு, "என்னம்மா, உனக்குச் சம்மதம்தானே?" என்று கேட்டாள்.

இவள் ஏதோ சொன்னாள். வெளியே இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

"சரிங்கிறியா? கேக்கலம்மா, சத்தமாச் சொல்லு."

என் நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வேணாம்! எனக்குச் சம்மதம் இல்ல!"

மாடு மிரண்டு வண்டி ஒரு அடி நகர்ந்துவிட்டது. ஆத்தாடி, என்ன குரல் அது! கரையில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்திருந்த ஆண்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். திரைச்சந்து வழியாகப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமப் போனவர், செருமாமல் அப்படியே நின்றார். சித்தப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சொல்லிருச்சுப்பா. அம்புட்டுத்தான்" என்றார்.

திண்டுக்கல்காரர்கள் சோறு தின்னாமல் கிளம்பிவிட்டார்கள். நான் பாடுபட்டு ஆக்கிய நெய்ச்சோறு சேறும் சகதியுமாக நின்ற மீன்பிடிகாரர்களுக்குப் போனது. நன்றாக இருந்தது என்று இரண்டு விரால் கொடுத்தார்கள். பூட்டுச் சரக்கு அப்புறம் வரத்துக் குறைந்தது. கடை தடுமாறியது, ஆனால் விழவில்லை.

திரும்பி வரும்போது ஆண்களும் சித்தப்பா வீட்டாரும் பிள்ளைகளும் ஏறிய வண்டி முன்னால் போனது. எங்கள் வண்டியில் நானும் அவளும் விராலும்தான். எனக்கு உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. அப்படியும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏ புள்ள, இம்புட்டுச் சத்தம் எங்கடி வச்சிருந்த?"

"நேத்து நீங்க தூங்குனீகள்ல மதினி, அப்பச் சொல்லிப் பாத்தேன். மொதல்ல வாயத் தொறந்தா காத்துத்தான் வந்துச்சு. தண்ணிக்குள்ள எறங்கி நின்னு மறுபடி மறுபடி சொன்னேன். அப்புறம் வந்துச்சு. கொக்கெல்லாம் எந்திரிச்சுப் பறந்துருச்சு, நீங்கதான் அசையல."

அவளே மேலும் சொன்னாள்.

"பொறவு எதுக்கு ஆளில்லாத எடம் கேட்டேன்னு நெனச்சீக? எங்க அண்ணன் என்னைக்கா இருந்தாலும் இன்னொரு மாப்பிள்ளையக் கொண்டாந்து நிறுத்தும்னு எனக்குத் தெரியாதா? வீட்டுல எங்கிட்டுச் சொல்லிப் பழகுறது, கடையில ஆள் இருக்கே."

எனக்குப் பொத்துக்கொண்டு அழுகை வந்தது. வண்டிக்காரர் இருக்கிறாரே என்று பழக்க தோஷத்தில் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனேன். அவள் என் கையைப் பிடித்து, முந்தானையை மெல்ல எடுத்து என் மடியில் போட்டாள். கோச்சடை வரும்வரை நான் வாய்விட்டு அழுதுகொண்டே வந்தேன்.